நாலு நாள் காட்டில், எட்டுப் பெண்கள்

"பால்குடி மறக்காத குழந்தையை விட்டுவிட்டு ஒரு தாய் நாலு நாள் வெளியூர் போகலாமா?"

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் இந்தக் கேள்வி மட்டும் உருவம் மாறி மாறி வந்துகொண்டே இருக்கிறது. ஒருத்திக்குத் தங்கை கல்யாணம். இன்னொருத்திக்குப் பரீட்சை. வேறொருத்திக்கு ஆபீஸ் வேலையாக டில்லிப் பிரயாணம். பொதுவாகப் போகலாம், போகக் கூடாது என்று எழுதுவதை விட, ஒரு புரட்டாசி மாதத்தில் என் பெண் போனதையும், அவளுடன் நானும் போனதையும் எழுதினால் உபயோகமாக இருக்கும் என்று தோன்றுகிறது. அவள் போனது கல்யாணத்துக்கும் இல்லை, பரீட்சைக்கும் இல்லை. காட்டுக்கு! அதுவும் படகில்!

என் பெண் இருப்பது கனடாவில், டொரண்டோ நகரில். குழந்தைக்கு அப்போது பதினாலு மாசம். பேரனைப் பார்க்க நான் போயிருந்தேன். சம்பந்தியம்மாவும் அங்கேதான் இருந்தார். போன முதல் வாரமே ஒன்றைக் கவனித்தேன். என் பெண் காப்பியை நின்றுகொண்டேதான் குடிக்கிறாள். பாதி டம்ளர் ஆறிப்போய்த் தொட்டியில் கொட்டுகிறாள். "பதினாலு மாசமா ஒரு டம்ளர் காப்பியைச் சூடா, முழுசா குடிச்சதில்லேம்மா" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இங்கே ஒரு வார்த்தை. பிரசவத்துக்குப் பிறகு காரணமில்லாத அழுகை, குழந்தையிடம் கூட ஒட்டுதலில்லாமை, தூக்கமின்மை இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், "எல்லாம் சரியாகிவிடும்" என்று வீட்டோடு இருந்துவிடாதீர்கள். டாக்டரிடம் போக வேண்டும். அது வைத்தியம் பார்க்க வேண்டிய நோய். என் பெண்ணை டாக்டர் பார்த்து, அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தார். அவளுக்கு இருந்தது வெறும் களைப்பு. ஆனால் களைப்புக்கும் மருந்து வேண்டுமே!

அவளுடைய சிநேகிதிகள் ஒரு கோஷ்டியாக, வருஷா வருஷம் செப்டம்பர் கடைசியில் கனூவில் ஏரிப் பயணம் போகிறார்கள். ஆண்கள் கிடையாது. இந்தத் தடவை இரண்டு இடம் காலி. "அம்மா, நீயும் வாயேன்" என்றாள். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. நீச்சல் தெரியும், காவிரிக் கரையில் பிறந்ததால் வந்தது. சரி என்றேன்.

சம்பந்தியம்மா என்ன சொல்லியிருப்பார் என்று நீங்களே ஊகிக்கலாம். "நவராத்திரி வர்ற நேரத்திலே, பால் குடிக்கிற பிள்ளையை விட்டுட்டு, கரடி பார்க்கப் போறாளாமா?" என்று என்னிடம்தான் கேட்டார், அவளிடம் கேட்கவில்லை. ஆனால் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வந்தபோது, "நான் இல்லாமல் யாரு?" என்றவரும் அவர்தான்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். டொரண்டோவுக்கு வடக்கே, காரில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாத தூரத்தில் இருக்கிறது அல்கான்குவின் பூங்கா. பூங்கா என்றதும் ஊஞ்சலும் குரோட்டன்ஸ் தொட்டியும் நினைத்துக்கொள்ளாதீர்கள். 1893-ல் ஒண்டாரியோ மாகாண அரசு ஒதுக்கிவைத்த காடு இது. பரப்பு 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல். நம் திண்டுக்கல் மாவட்டத்தை விடப் பெரியது! அதன் தெற்குப் பகுதியில் 56 கிலோமீட்டருக்கு ஒரு நெடுஞ்சாலை ஓடுகிறது. அதை விட்டு இறங்கினால், ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட ஏரிகள். ஏரிக்கு ஏரி காடு. கடை இல்லை, விளக்கு இல்லை, போன் எடுக்காது. ஒரு முகாமில் ஒன்பது பேருக்கு மேல் தங்கக் கூடாது என்பது விதி. நாங்கள் எட்டுப் பேர், நாலு படகு.

கனூ என்பது இரண்டு முனையும் கூர்மையான, ஒடுங்கின, லேசான படகு. ஒரு பக்கம் மட்டும் இலை வைத்த துடுப்பால் தள்ளுவது. இந்த மண்ணின் ஆதிவாசிகளான அல்கான்குவின் மக்கள் இதைப் பிர்ச் மரப் பட்டையில் செய்தார்கள். பட்டையை ஸ்ப்ரூஸ் மரத்தின் வேர் நாரால் தைத்து, தையலின் மேல் அதே மரத்துப் பிசினைக் காய்ச்சிப் பூசி, தண்ணீர் புகாமல் அடைப்பார்கள். அந்தத் தையலும் பிசின் பூச்சும் பெண்கள் வேலை. முழுக் குடும்பத்தையும் சுமந்த படகு, ஒரு பெண்ணின் தையல் பிரியாத வரைக்கும்தான் மிதந்திருக்கிறது! எங்கள் படகுகள் கெவ்லர் என்ற செயற்கை இழையில் செய்த வாடகைப் படகுகள். ஒவ்வொன்றும் இருபது கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

இந்தக் காட்டில் பெண்கள் படகு விடுவது நேற்று வந்த நாகரிகம் இல்லை. 1908-லேயே ஃபேனி கேஸ் என்ற அமெரிக்க மாது கேஷ் ஏரிக் கரையில் பெண் குழந்தைகளுக்கு முகாம் நடத்தியிருக்கிறார். 1930-களில் எஸ்தர் கீசர் என்ற பெண்மணி இங்கே கூலிக்கு வழிகாட்டியாகவே போயிருக்கிறார். அந்தத் தொழிலில் இங்கே முதல் பெண் அவர்தான்.

இப்போது பால் விஷயத்துக்கு வருகிறேன். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே ஏற்பாடு ஆரம்பமாகிவிட்டது. பகலில் பேரன் சாதம், இட்லி, பருப்பு எல்லாம் சாப்பிடுகிறவன். விடியற்காலையும் படுக்கும்போதும்தான் தாய்ப்பால். படுக்கும்போது கொடுப்பதை முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாப்பிள்ளை கைக்கு மாற்றினோம். டம்ளரில் பால், அப்பா தோள், ஒரு பாட்டு. முதல் மூன்று ராத்திரி ரகளை. நாலாவது ராத்திரி அரை மணி ரகளை. பிறகு தூங்கிவிட்டான். தாய் ஊருக்குப் போகிற அன்றைக்குத் திடீரென்று பாலை நிறுத்துவது குழந்தைக்கும் கஷ்டம், தாய்க்கு அதை விடக் கஷ்டம். அவள் நிறுத்தவும் விரும்பவில்லை. இரண்டு வயது வரைக்கும், அதற்கு மேலும் கூடக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

நிறுத்தாமல் விட்டுப் போவதென்றால், குழந்தை குடிக்கிற அதே வேளைகளில் கையால் பாலை எடுத்துவிட வேண்டும். முழுக்கக் காலி பண்ண வேண்டாம். இறுக்கம் தளர்ந்தால் போதும். மேலும் மேலும் எடுத்தால் சுரப்பும் மேலும் மேலும் ஏறும். அழுத்தித் தேய்க்கக் கூடாது. எடுத்த பிறகு குளிர்ந்த துணி வைத்தால் வலி அடங்கும். இதெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது கோஷ்டியில் இருந்த ஒரு நர்ஸ். யாழ்ப்பாணத்துப் பெண். பேச்சே தேன். என்னை "அன்ரி" என்றுதான் கூப்பிடுவாள்.

சாப்பாட்டுச் சுமையை என்னிடம் ஒப்படைத்தார்கள். காட்டுக்குள் டப்பா உணவும் கண்ணாடி பாட்டிலும் கொண்டு போகத் தடை. எல்லாம் உலர்ந்த சாமான், துணிப் பையிலோ பிளாஸ்டிக் பையிலோ. ஆளுக்கு நாளொன்றுக்கு முக்கால் கிலோ என்று நிறுத்துக் கட்டினேன். கடுகு, உளுத்தம்பருப்பு, முந்திரியோடு வறுத்த ரவை. கொதிக்கிற தண்ணீரில் போட்டால் ஐந்து நிமிஷத்தில் உப்புமா. அவல், பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, சத்துமாவு. ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறையக் கெட்டியாகக் காய்ச்சிய புளிக்காய்ச்சல். நர்ஸ் தன் பங்குக்கு வறுத்த அரிசி மாவும் இடித்த சம்பலும் கொண்டுவந்தாள். ஒரு நாள் கூடுதலாக வைக்கச் சொன்னார் கோஷ்டித் தலைவி. அவர் ஒரு பள்ளி ஆசிரியை, முப்பது வருஷமாக இந்த ஏரிகளில் படகு விடுகிறவர். அந்தக் கூடுதல் நாள் எதற்கு என்று பிறகு தெரிந்தது.

வியாழக்கிழமை காலை கனூ ஏரியில் இறங்கினோம். ஆமாம், அந்த ஏரிக்குப் பெயரே கனூதான். சால்வையும் புடவையும் காரிலேயே. கம்பளி பனியன், கம்பளிக் காலுறை, பெண்ணுடைய பழைய பேண்ட். பருத்தித் துணி நனைந்தால் உடம்புச் சூட்டை இழுத்துவிடும்; கம்பளி நனைந்தாலும் சூடு கொடுக்கும். உயிர்காப்புச் சட்டை போடாமல் யாரையும் படகில் ஏற விடவில்லை தலைவி. முன்னால் நான், பின்னால் என் பெண். பின்னால் உட்கார்ந்தவள்தான் திசை திருப்புகிறவள். முப்பது வருஷம் நான் திருப்பினேன், இனி அவள் திருப்பட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கரையெல்லாம் மேப்பிள் மரம். செம்பருத்திச் சிவப்பும் மஞ்சள் கிழங்கு நிறமுமாக இலைகள். அந்த அழகை என்னால் எழுத வராது, விட்டுவிடுகிறேன்.

ஒரு மணி நேரத்தில் ஏரி முடிந்துவிட்டது. அடுத்தது ஜோ ஏரி. நடுவில் 295 மீட்டர் தரை. இதைப் 'போர்ட்டேஜ்' என்கிறார்கள். படகையும் மூட்டையையும் தலையிலும் தோளிலும் தூக்கிக்கொண்டு நடந்து, அடுத்த ஏரியில் இறக்க வேண்டும். படகைக் கவிழ்த்து, குறுக்குச் சட்டத்தைத் தோளில் தாங்கிக்கொள்வது. அதற்கு ஆங்கிலத்தில் பெயரே நுகத்தடி என்பதுதான்! ஒரே நடையில் முடியவில்லை. போய், திரும்பி, மறுபடி போய், மொத்தம் 885 மீட்டர்.

அங்கேதான் எனக்குச் சுவாரஸ்யமான காட்சி கிடைத்தது. வீட்டில் யார் எவ்வளவு சுமக்கிறார்கள் என்று யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. இங்கே கிளம்பும்போதே தராசில் நிறுத்து, பேர் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். என் பெண் பழக்க தோஷத்தில் தன் மூட்டையோடு என்னுடையதையும் எடுக்கப் போனாள். தலைவி கையைப் பிடித்து நிறுத்தி, "அது உன் அம்மாவுடையது" என்றார். சமையலும் அப்படித்தான். எட்டுப் பேருக்கும் முறை உண்டு. என் முறை இரண்டு வேளை. மற்ற வேளைகளில் பாறை மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு பஞ்சாபிப் பெண் என் ரவையைக் கிண்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது போர்ட்டேஜை விடக் கஷ்டமாக இருந்தது, போங்கள்!

முதல் ராத்திரி டீப்பீ ஏரியில். பிறகு இரண்டு ராத்திரி டாம் தாம்சன் ஏரியில். தாம்சன் கனடாவின் பெரிய ஓவியர். இந்தக் காட்டைத்தான் வரைந்தார். அவருடைய 'ஜாக் பைன்' என்ற ஓவியம் ஒட்டாவாவில் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. நன்றாகப் படகு விடத் தெரிந்த மனிதர். 1917 ஜூலையில், முப்பத்தொன்பது வயதில், நாங்கள் முதல் நாள் கடந்த அதே கனூ ஏரியில் இறந்துபோனார். எப்படி என்று இன்றைக்கும் சர்ச்சை.

வீட்டு நிர்வாகம் எப்படி என்று கேட்பீர்கள். குடிக்கிற தண்ணீர் ஏரியிலிருந்துதான். கண்ணாடி மாதிரி இருந்தாலும் நம்பக் கூடாது. ஜியார்டியா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம். தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் போதும். சோப்பு, சாம்பல், பாத்திரம் கழுவின தண்ணீர் எதுவும் ஏரியில் விழக் கூடாது; கரையிலிருந்து நன்றாகத் தள்ளிக் கொண்டுபோய் மண்ணில் ஊற்ற வேண்டும். கழிவறை என்பது முகாமுக்குப் பின்னால் காட்டுக்குள், மூடி போட்ட ஒரு மரப்பெட்டி. சுவர் கிடையாது, கூரை கிடையாது! போகிறவள் வழியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போனால் உள்ளே ஆள் என்று அர்த்தம்.

கருங்கரடி உண்டு. அதற்கு மூக்குதான் கண். ஆகவே சாப்பாட்டுச் சாமான் மட்டுமில்லாமல், பற்பசை, சோப்பு, முகப் பவுடர் வரைக்கும் ஒரு பையில் கட்டி, ராத்திரி இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் மரக்கிளையில் கயிற்றில் ஏற்றிவிட வேண்டும். பெருங்காய டப்பாவை முகர்ந்த தலைவி, "இதுக்கு இரட்டைப் பை" என்றார். பிழிந்த தாய்ப்பாலும் சாப்பாட்டு வாசனைதான். அதனால் என் பெண் கூடாரத்திலிருந்து நன்றாகத் தள்ளிப் போய்த்தான் எடுப்பாள். மாதவிலக்குத் துணிகளை இறுக்கி மூடின பையில் போட்டு அதே கிளையில் கட்டி, திரும்பும்போது ஊருக்கே கொண்டுவந்துவிட வேண்டும். அந்த நாட்களில் காட்டுக்குப் போனால் கரடி வந்துவிடும் என்று ஒரு பயம் உண்டு. கருங்கரடிகளை வைத்துச் சோதித்துப் பார்த்தவர்கள் அதற்கு ஆதாரம் காணவில்லை.

ராத்திரியில் லூன் என்ற நீர்ப்பறவை கூப்பிடும். கனடாவின் ஒரு டாலர் நாணயத்தில் 1987 முதல் இருக்கிற பறவை. யாரோ ஒரு பெண் தூரத்தில் அழுகிற மாதிரியே குரல். முதல் ராத்திரி அதைக் கேட்டு என் பெண் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "கண்ணன் அழறானோன்னு நெனச்சேம்மா" என்றாள். பேரனைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவோம். இரண்டாம் ராத்திரி கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவேயில்லை. ஒன்பது மணி நேரம் தூங்கினாள். காலையில் நான் போட்ட காப்பியை ஒரு பாறையில் உட்கார்ந்து, மூடுபனியைப் பார்த்துக்கொண்டு, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். யாரும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திரும்ப வேண்டும். மதியம் ஜோ ஏரி வரைக்கும் வந்துவிட்டோம். அது சின்ன ஏரி, காடு மறைக்கிறது. தலைவி மட்டும் கை வீசிக்கொண்டு அந்த 295 மீட்டரை நடந்து கனூ ஏரியைப் பார்த்துவிட்டு வந்தார். தெற்கிலிருந்து எதிர்காற்று. அலை தலைகளில் வெள்ளை நுரை. "இன்றைக்குப் போகவில்லை" என்றார்.

என் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. அன்று காலையிலிருந்தே அவளுக்கு இடது பக்கம் கல் மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போய்க் குழந்தைக்குக் கொடுத்துவிடலாம் என்று எண்ணி எண்ணித் துடுப்புப் போட்டிருக்கிறாள். "ஒரு மணி நேரம்தானே, கரையோரமாவே போயிடலாமே" என்றாள். அவள் பேச்சு ஏறிக்கொண்டே போயிற்று. தலைவி கோபப்படவில்லை. பாறையில் உட்கார வைத்து மூன்று எண் சொன்னார்: ஒன்று, பத்து, ஒன்று. மானிடோபா பல்கலைக்கழகத்தில் கார்டன் கீஸ்பிரெக்ட் என்ற பேராசிரியர், தானே பனித் தண்ணீரில் இறங்கிப் பார்த்துச் சொன்ன கணக்கு. மிகக் குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால், முதல் ஒரு நிமிஷம் மூச்சுத் திணறும், அதை அடக்க வேண்டும். பத்து நிமிஷம்தான் கையும் காலும் சொன்னபடி கேட்கும். ஒரு மணி நேரத்தில் நினைவு தப்பலாம். உயிர்காப்புச் சட்டை இருந்தால்தான் இந்தக் கணக்கும். "பத்து நிமிஷத்தில் உன்னால் நீந்திக் கரை சேர முடியாத இடம் இந்த ஏரியில் நிறைய இருக்கிறது. உன் பிள்ளைக்கு நீ நாளைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்" என்றார்.

காலியாக இருந்த ஒரு முகாமில் கூடாரம் போட்டோம். தலைவியிடம் செயற்கைக்கோள் வழியாகச் சின்னச் செய்தி அனுப்புகிற ஒரு கருவி இருந்தது. 'காற்று. நாளைக் காலை வருகிறோம். எல்லோரும் சௌக்கியம்.' கால் மணியில் மாப்பிள்ளையிடமிருந்து பதில்: 'இரண்டு இட்லி சாப்பிட்டான். தூங்குகிறான்.'

நர்ஸ் அவளைக் கூடாரத்துக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள். கொஞ்சம் சிவப்பு இருந்தது, காய்ச்சல் இல்லை. "பயப்பிடாதேங்கோ அன்ரி. பால் கட்டினதுதான். ஆனா காய்ச்சல் குளிர் வந்தா, இல்லாட்டி சிவப்பு பரவினா, நாளைக்கே டொக்டரிட்டக் காட்டோணும். அப்பவும் பால் குடுக்கிறதை நிப்பாட்டக் கூடாது" என்றாள். லேசாகக் கையால் எடுக்க வைத்தாள். நான் ஏரித் தண்ணீரில் துணியை நனைத்து நனைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். ஐஸ் பெட்டி எதற்கு, அவ்வளவு குளிர்ச்சி! ராத்திரி பத்து மணிக்கு இறுக்கம் தளர்ந்தது. என் மடியில் தலை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கூடுதல் நாள் அவலில் புளிக்காய்ச்சல் பிசைந்து, எட்டுப் பேரும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டிருந்தோம். அவள் பங்கை எடுத்து வைத்திருந்தேன். எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.

காற்று ராத்திரியே விழுந்துவிட்டது. விடியற்காலை இருட்டிலேயே கூடாரம் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் போர்ட்டேஜைக் கடந்தோம். வெளுக்கும்போது கனூ ஏரி எண்ணெய் ஊற்றின மாதிரி அசையாமல் கிடந்தது. முந்தின நாள் நுரைத்த ஏரி இதுதான் என்றால் நம்ப முடியாது. ஒருவருக்கும் பேச்சில்லை. துடுப்புச் சத்தம் மட்டும்.

கரையில் கார் நின்றது. மாப்பிள்ளை, அவர் தோளில் குழந்தை, பக்கத்தில் மூன்று சால்வை போர்த்திக்கொண்டு சம்பந்தியம்மா. இருட்டோடு கிளம்பி வந்திருக்கிறார்கள்! என் பெண் படகிலிருந்து தண்ணீரிலேயே இறங்கி ஓடினாள். குழந்தை அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்பா கழுத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் முகம் போன போக்கை இங்கே எழுத வேண்டாம். "கோவம். இருக்காதா பின்னே? சும்மா பக்கத்திலே நில்லு, தானா வருவான்" என்றார் சம்பந்தியம்மா. பத்து நிமிஷம் ஆயிற்று. ஒரு கை நீண்டு அவள் காதைப் பிடித்துப் பார்த்தது. பிறகு இரண்டு கையும். இருவரும் காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

நாங்கள் வெளியே நின்றோம். "அத்தை, அந்தப் புளிக்காய்ச்சல் மிச்சம் இருக்கா?" என்றார் மாப்பிள்ளை. டப்பாவைக் கொடுத்தேன்.

சம்பந்தியம்மா படகுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "எத்தனை பேர் வரைக்கும் விடறாங்க?" என்று கேட்டார்.

"ஒன்பது."

"நீங்க எட்டுப் பேர்தானே போனீங்க?" என்றார்.